நாலாவது ஆளாக ஆல்முட்

அடுத்தவர் உருவாக்கிய விளையாட்டில் குறை கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பு. ஜெர்மனியின் காசெல் நகரில் பலகை விளையாட்டு வெளியிடும் ஒரு சின்ன நிறுவனத்தில், நான் சரி என்றால்தான் பெட்டி அச்சாகும். ஃபோல்க்மார் என்பவர் உருவாக்கிக் கொண்டுவந்தது கடலுக்குக் கரை கட்டும் விளையாட்டு. ஓர் ஆட்டம் நாலு மணி நேரம், விதிகள் முப்பது பக்கம். புதியவர்கள் திறந்த கையோடு மூடிவிடுவார்கள். பழம் தின்று கொட்டை போட்ட எங்களுக்கோ நாக்கில் எச்சில் ஊறியது.

நாலு பேர் ஆட வேண்டியது. நான், என்னோடு சோதித்துப் பார்க்கும் டெட்லெஃப், அவன் மனைவி ஊட்டா என்று மூன்று பேர்தான் இருந்தோம். ஆள் குறைந்தால் அந்த இடத்தில் ஒரு சீட்டுக்கட்டு ஆடும். மேல் சீட்டைப் புரட்டினால் அது சொல்வதுதான் நகர்வு. கட்டின் பெயர் ஆல்முட். போன வருடம் இறந்த தன் மனைவி எப்படி ஆடுவாள் என்பதை நாற்பது சீட்டுகளில் எழுதியிருந்தார் ஃபோல்க்மார். கட்டோடு சேர்த்து எப்படியாவது அச்சில் வந்துவிட வேண்டும் என்று என்னிடம் கெஞ்சாத குறை. சோதனை முடியும்வரை உருவாக்கியவர் வாய் திறக்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம். பிளம் கேக்கைத் தொடாமல் ஓரமாக உட்கார்ந்திருந்தார்.

ஆல்முட் கரை கட்டக் கிடைத்த களிமண்ணையெல்லாம் பலகையின் ஏழாம் கரையிலேயே கொட்டித் தோற்றாள். இரண்டாம் ஆட்டத்திலும் அதே கதை.

"இந்தம்மாவுக்கு வேற வேலையே இல்லையா?" என்று டெட்லெஃப் சிரித்தான்.

அனுபவசாலிகள் இப்படி ஒரு சோப்ளாங்கியோடு ஆட மாட்டார்கள். ஏழாம் கரைக்கு அனுப்பும் மூன்று சீட்டுகளை உருவினேன். ஃபோல்க்மார் பாதி எழுந்து மறுபடி உட்கார்ந்தார்.

மூன்றாம் ஆட்டம். ஆல்முட்டின் முதல் சீட்டு, 'ஆடவில்லை'. அடுத்ததும் அதுவே. கட்டில் அந்தச் சீட்டு ஐந்துதான் உண்டு. ஐந்தும் வரிசையாக வந்தன. ஊட்டா வாங்கி நன்றாகக் கலைத்தாள். மறுபடி அதே ஐந்து. உருவிய மூன்றையும் செருகி, கலைத்து, புரட்டினேன். ஏழாம் கரை. சீட்டுக்கட்டிடம் மன்னிப்புக் கேட்டேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

மற்ற இருவரும் சீக்கிரமே கிளம்பிவிட்டார்கள். விளையாட்டு அருமை, ஆனால் கட்டை எடுத்துவிட வேண்டும் என்று ஃபோல்க்மாரிடம் சொன்னேன். கட்டு இல்லாமல் பெட்டி வேண்டாம் என்றார். எனக்குப் பாவமாக இருந்தது.

"உங்க பாசம் புரியுது. வீட்டுலயே அவங்களோட ஆடுங்களேன்."

"பாசமா?" அவர் கட்டை விரல்நுனியால் தள்ளிப் பெட்டிக்குள் போட்டார். "ஆயிரம் பெட்டி அச்சாச்சுன்னா ஆயிரம் வீட்டுக்குப் பிரிஞ்சு போயிடுவான்னு நெனச்சேன், கெசீனே. இப்போ மொத்தமா என் வீட்டுக்குத்தான் வரப்போறா."

நான் மனம் மாறுவேனா என்று வாசலில் கொஞ்ச நேரம் நின்றார். நான் மாறவில்லை. விளையாட்டின் குறை இப்போது எனக்கு ஒரு பொருட்டே இல்லை. அச்சானால் வழக்கப்படி முதல் பெட்டி, சோதித்த என் வீட்டுக்குத்தான் வரும்.