காணாமல் போன கல்யாணப்பெண்

"அடியே புஷ்பா, நீ காணாம போயிட்டியாம் லா!"

தோழி சாந்தமேரி கைப்பேசியை நீட்டினாள். அவளுடைய பெட்டாலிங் ஜெயா ஃப்ளாட்டின் அடுப்படியில் புஷ்பவல்லியின் கரண்டி நின்றது. திரையில் 'காணவில்லை' என்ற கொட்டை எழுத்துக்குக் கீழே, நெற்றிச்சுட்டியும் மாலையுமாக ஒரு மணப்பெண் வெட்கத்தோடு சிரித்தாள். பக்கத்தில் நின்ற மாப்பிள்ளையை வெட்டியிருந்தார்கள். முழங்கை மட்டும் மிச்சம்.

"இது என் கல்யாண போட்டோ மேரி! இருபத்திமூணு வருஷமாச்சு!"

"வேற இருந்தாத்தானே குடுப்பாங்க."

உண்மைதான். கணவர் போய்ப் பதினோரு ஆண்டு. அன்றிலிருந்து கிள்ளானில் கொழுந்தன் கன்னையா வீட்டில்தான் வாசம். எத்தனையோ விசேஷம், எத்தனையோ படம். கேமரா வரும்போதெல்லாம், "அண்ணி, குழம்பு அடி புடிக்குது பாருங்க" என்பான். தாலியறுத்தவள் நல்ல காரியப் படத்தில் நிற்கக்கூடாதாம்.

இருவரும் சிரித்துச் சிரித்து இருமினார்கள். பிறகு புஷ்பவல்லி அடுப்பை அணைத்தாள்.

"போலீஸ் பாலாய்க்குப் போனா என்னைக் கையோட கூட்டிட்டுப் போயிடுவாங்க மேரி. திரும்ப அந்த வீட்டுக்கு என்னால முடியாது."

"போகலன்னா போலீஸ் உன்னைத் தேடி பிள்ளைங்க டேக்கேருக்கே வரும். நேத்துதான் சமையல் வேலைல சேந்தே. நேர்ல போய் நின்னாத்தான் ஃபைல மூடுவாங்க. கெளம்பு."

கிள்ளான் காவல் நிலையத்தில் சார்ஜன் யுகேந்திரன் நிமிர்ந்து பார்த்தார்.

"யாரைப் பத்தி ரிப்போர்ட் ஆன்டி?"

"என்னைப் பத்திதான் தம்பி. காணாம போனவ நான்தான்."

அவர் படத்தைப் பார்த்தார், அவள் நரையைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். "நீங்க பொண்ணோட அம்மாவா?"

சாந்தமேரி துப்பட்டாவை வாயில் திணித்துக்கொண்டாள். ஐசி அடையாள அட்டையைக் காட்டிய பிறகுதான் அவர் நம்பினார். கன்னையா கொடுத்திருந்த விவரத்தை வாசித்தார்:

"உயரம் தெரியாது. பொறந்த நாள் தெரியாது. என்ன உடுத்தியிருந்தாங்க, தெரியாது. அடையாளம்: ரசம் நல்லா வைப்பாங்க."

"அதையுமா எழுதுவீங்க?"

"அது ஒண்ணத்தானே தெளிவா சொன்னாங்க!"

தகவல் கிடைத்துக் கன்னையாவும் மனைவி ரமணியும் ஓடி வந்தார்கள்.

"மானமே போச்சு அண்ணி! எந்திரிங்க, வீட்டுக்குப் போலாம்."

"மூணு நாளா கடைச் சோறுதான் அக்கா," என்று ரமணி கண்ணைத் துடைத்தாள்.

"சார்," என்றான் கன்னையா, "ஆள் கெடைச்சாச்சு. எங்க சைன் பண்ணணும்? கூட்டிட்டுப் போறோம்."

"காணாம போன மோட்டார் சைக்கிளா அண்ணே, தள்ளிட்டுப் போக? அவங்க இஷ்டம், எங்க வேணா இருக்கலாம். ஏன் போனாங்கன்னு மட்டும் எழுதணும்."

"சின்ன சண்ட சார்," என்றான் கன்னையா.

"சண்டையே இல்ல தம்பி," என்றாள் புஷ்பவல்லி. "இவங்க பொண்ணு நிச்சயத்துக்கு அறுபது பேருக்குச் சமைச்சேன். மாப்பிள்ளை வீட்டுக் கார் வந்ததும், என்னைப் பின்ரூம்ல விட்டு வெளியில பூட்டிட்டாங்க. சாயங்காலம் தொறந்தாங்க. பாத்திரமெல்லாம் கழுவினேன். மறுநாள் கெளம்பிட்டேன்."

கணினியில் தட்டிக்கொண்டிருந்த சார்ஜனின் விரல்கள் நின்றன. "பூட்டினாங்களா?"

"சாங்கியம் சார்!" ரமணி பதறினாள். "எதிர்ல வந்தா பொண்ணுக்கு ஆகாதுன்னு... நாங்க அவங்கள நல்லாத்தான் வச்சிருக்கோம். ஃபேன் போட்டுட்டுத்தான் பூட்டினோம்!"

யுகேந்திரன் பழைய ரிப்போர்ட்டை மூடிவிட்டுப் புதிது ஒன்றைத் திறந்தார்.

"ஆள அடைச்சு வைக்கிறது குத்தம். சாங்கியத்துக்குன்னு இதுல தனி கட்டம் இல்ல. ஆன்டி, ரிப்போர்ட் குடுக்கிறீங்களா?"

கன்னையாவுக்கு வியர்த்தது. அவசரமாக ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டான். பதினோரு ஆண்டில் அவளுக்காக அவன் இழுத்த முதல் நாற்காலி.

"ஒக்காருங்க அண்ணி. குடும்ப விஷயம்... டீ வாங்கியாரவா?"

புஷ்பவல்லி உட்கார்ந்தாள். சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள்.

"சீனி கொறைச்சு," என்றாள்.

பிறகு சார்ஜன் பக்கம் திரும்பினாள்.

"பேரு புஷ்பவல்லி. வயசு நாப்பத்தாறு. எழுதுங்க தம்பி."