பார்ட்லியின் விம்மல்

கில்டவ்ராவில் ஒருவர் ஒரு மெட்டை வாசித்து முடித்தால், கைதட்டலுக்கு முன்னால் ஒரு கேள்வி வரும்: யாரிடமிருந்து கிடைத்தது? பதில் ஒரு பெயராக இருக்க வேண்டும். புத்தகத்திலிருந்து என்றால் முகம் சுளிப்பார்கள். நானே போட்டது என்றால், இவன் யார் பெரிய இவன் என்று பார்ப்பார்கள். மாமனோ, பக்கத்து வீட்டுக்காரனோ, சாலையில் கல் உடைத்தவனோ, பெயரைச் சொல்லிவிட வேண்டும். அயர்லாந்தில் ஸ்லைகோ மாவட்டத்தின் அந்த மூலையில், தேவாலயப் பூசைக்குத் தாமதமாக வருபவனை மன்னிப்பார்கள். கொடுத்தவன் பெயரை விழுங்குபவனை மன்னிப்பதில்லை.

இதை மலக்கி டார்ப்பி அறியாதவர் அல்ல. அறிந்துதான் 1974ஆம் ஆண்டு, தமது இருபத்து மூன்றாம் வயதில், டப்ளின் தொலைக்காட்சியில் பொய் சொன்னார். தம்பியும் இரண்டு தங்கைகளும் அம்மா பின்னிக் கொடுத்த ஒரே மாதிரியான கம்பளிச் சட்டைகளில் அவருக்குப் பின்னால் நின்றிருந்தார்கள். நிகழ்ச்சி நடத்தியவர் அந்தக் கேள்வியைக் கேட்டார். மலக்கி புல்லாங்குழலை மார்போடு அணைத்துக்கொண்டு, "எங்க தாத்தா பார்ட்லிகிட்டேருந்து" என்றார்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். கேமராவின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது, நிறுத்த முடியவில்லை. ஆங்கிலேயப் படை வீட்டுக்குத் தீ வைத்த அன்று, எரியும் வீட்டின் எதிரே மதில்மேல் உட்கார்ந்து தாத்தா இந்த மெட்டைப் போட்டார் என்றும், இரண்டாம் பாதியில் தாளம் ஓரிடத்தில் தயங்கி, இழுத்து, பிறகு விழுகிறதே, அது அவருடைய விம்மல் என்றும் சொன்னார். அந்த வீட்டில்தான் மலக்கி இன்றும் குடியிருக்கிறார் என்பதை எவரும் யோசிக்கவில்லை. எரிந்தது கோழிக்கூடு. அதற்கும் காரணம் பார்ட்லியின் புகைக்குழாய். அந்த மாட்டுத் தரகர் வாழ்நாளில் உதட்டில் வைத்த ஒரே கருவியும் அதுதான்.

உண்மையில் மெட்டைக் கொடுத்தவர் பாக்கி கில்செனன். சாலைக் குழிகளை அடைக்கும் வேலையில் இருந்தவர். பதினாறு வயது மலக்கி அவர் வீட்டு வாசலில் நின்று கற்றுக்கொண்டான். யார் வீட்டுப் பிள்ளை என்று பாக்கி கேட்டார். டார்ப்பி வீடு என்றதும் இருமல் வருகிறவரை சிரித்தார். பிறகு மிகுந்த பொறுமையோடு மூன்று முறை சொல்லிக் கொடுத்தார். "அந்த இழுப்ப மட்டும் விட்டுடாத தம்பி. அதச் சரி பண்றேன்னு மட்டும் நெனச்சிடாத" என்றார். மெட்டின் பெயரைக் கேட்டதற்கு, "ஒங்க வீட்டுல கேட்டுப் பாரு" என்றார். மலக்கி கேட்கவில்லை. 1974இல் பாக்கி இறந்து இரண்டு வருடமாகியிருந்தது. நாடே பார்க்கும் இடத்தில், தார்ச்சட்டியோடு அலைந்த ஒருவரின் பெயரைவிடத் தாத்தா பெயர் கௌரவமாக இருக்கும் என்று அந்த இளைஞனுக்குத் தோன்றியது.

'பார்ட்லியின் விம்மல்' டார்ப்பி குடும்பத்தை உலகம் சுற்ற வைத்தது. மேற்கு ஜெர்மனியில் அதற்காக மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். ஹாம்பர்க் விமர்சகர் ஒருவர் அந்தத் தயங்கும் தாளத்தைப் பற்றி மட்டும் நான்கு பக்கம் எழுதி, அதை ஓர் இனத்தின் அழுகை என்று முடித்தார். தம்பி கோல்மன் மின்கிதார் வாங்கினார், விம்மல் அலறலானது. எண்பதுகளில் நால்வரும் தோல் கால்சட்டையும் தோள்பட்டையில் பஞ்சும் வைத்துக்கொண்டு புகை இயந்திரத்தின் நடுவே நின்றார்கள். பிடில் வாசிக்கும் அட்ராக்டாவுக்கு ஆஸ்துமா. ரசிகர்கள் அவர் மூச்சுத் திணறலையும் உணர்ச்சி என்றே எடுத்துக்கொண்டார்கள். கடைக்குட்டி டிம்ப்னா தனியாகப் பாடக் கலிபோர்னியா போனார். திமிங்கிலங்களோடு சேர்ந்து பாடி ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். திமிங்கிலங்கள் நன்றாகப் பாடியிருந்தன என்று ஊரில் சொன்னார்கள். ஐந்து ஆண்டு கழித்துத் திரும்பி வந்தார். பிறகு நால்வருமாக ஆறு முறை பிரியாவிடைப் பயணம் போனார்கள்.

இப்போது ஐம்பதாம் ஆண்டு. ஞாயிறு பூசை முடிந்ததும் சதுக்கத்தில் சிலை திறப்பு. சிதைந்த மதில்மேல் பார்ட்லி வெண்கலத்தில் உட்கார்ந்து புல்லாங்குழல் ஊதுவார்; பின்னால் பேரப்பிள்ளைகள் நால்வர். வானொலியில் நேரடி ஒலிபரப்பு. மலக்கி கோட்டைச் சலவைக்குக் கொடுத்து வாங்கி வைத்திருந்தார். உரையை மனப்பாடம் செய்திருந்தார். குடும்பத்தின் பெயர் இனி மழைக்கும் அசையாது என்று அவருக்கு நம்பிக்கை.

வியாழக்கிழமை காலையில் வானொலியிலிருந்து சோர்க்கா என்ற பெண் வந்தாள். தேநீரும் பழுப்பு ரொட்டியும் கொடுத்தார்கள். அவள் ரொட்டியைத் தொடவில்லை.

"மிஸ்டர் டார்ப்பி, ஆவணக் கிடங்குல ஒரு பதிவு கெடச்சுது. 1953. நாட்டுப்புற மெட்டுகளச் சேகரிக்கிற ஒருத்தர் இந்த ஊருக்கு வந்திருக்கார். நீங்க மொதல்ல கேக்கறதுதான் மரியாதைன்னு எடுத்துட்டு வந்தேன்."

அவள் கைபேசியை மேசைமேல் வைத்தாள். பிடில் ஒலித்தது. விம்மல்தான். ஆனால் வேகமாக, துள்ளலாக, அந்த இழுப்பு வரும் இடத்தில் யாரோ பின்னணியில் கொக்கரித்துச் சிரித்தார்கள். வாசிப்பு முடிந்தது. யாரிடமிருந்து கிடைத்தது என்று ஒரு நாசூக்கான குரல் கேட்டது.

"ஒரு கழுதகிட்டேருந்து" என்றது பாக்கி கில்செனனின் குரல். "பார்ட்லி டார்ப்பி சந்தையில எனக்கு வித்த கழுத. வீடு வந்து சேர்றதுக்குள்ள நொண்டிடுச்சு. மூணு அடி ஒழுங்கா வைக்கும், நாலாவத இழுக்கும். போய்க் கேட்டா, நீ நடத்திட்டு வந்த லட்சணம் அப்படின்னான். அவன்மேல கேசு போட எனக்கு வக்கில்ல. மெட்டுப் போட எவன் தயவும் வேண்டாமில்ல?"

"மெட்டுக்குப் பேரு?"

"டார்ப்பியோட நொண்டிக் கழுத."

சோர்க்கா கைபேசியை எடுத்துக்கொண்டாள். "ஞாயித்துக்கெழம நான் ஒங்ககிட்ட அந்தக் கேள்வியக் கேப்பேன். எல்லார்கிட்டயும் கேக்கறதுதான். பதில் ஒங்க இஷ்டம். இத ஒலிபரப்பணும்னா அவரோட மக சம்மதிக்கணும். சனிக்கெழம அவங்களப் பாக்கப் போறேன்."

அவள் போன பிறகு அட்ராக்டா மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். தோள்கள் குலுங்கின. மலக்கி ஆறுதலாக முதுகில் கை வைத்தார். தங்கை நிமிர்ந்தபோதுதான் சிரிப்பது தெரிந்தது.

"அம்பது வருசம் அண்ணே. அந்த எடம் வரும்போதெல்லாம் கண்ண மூடிட்டு வாசிச்சேன். வியன்னாவுல நெஜமாவே அழுதேன். கழுத கால இழுத்ததுக்கு."

"சிரிக்கிற விஷயமா இது? குடும்ப மானம்."

"மானத்தத்தான் வெண்கலத்துல வார்த்து வச்சிருக்காங்களே. இனிமே அத எங்கயும் ஒளிக்க முடியாது."

மலக்கி கழுத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டு எழுந்தார்.

வெள்ளிக்கிழமை முற்பகலில் கன்செப்டா கில்செனனின் கடைக்குப் போனார். மீன் வறுவல் கடை, இன்னும் திறக்கவில்லை. பாக்கியின் ஒரே மகளான அவளும் மலக்கியும் பள்ளியில் ஒரே வகுப்பு. கன்செப்டா வாளியில் உருளைக்கிழங்கு உரித்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

வந்த காரியத்தை நேராகச் சொல்வது அந்த ஊரில் நாகரிகமல்ல. மழை வரும்போலிருக்கிறது என்றார் மலக்கி. வரும் என்றாள் கன்செப்டா. நேற்றும் வந்தது என்றார். வந்தது என்றாள். முந்தாநாள் மழையைப் பற்றியும் பேசி முடித்த பிறகு பேச்சுக்கு மழை மிச்சமில்லை.

"ஒக்காரு மலக்கி" என்றாள். "நிக்கிறதப் பாத்தா ஏற்கெனவே சிலையாயிட்ட மாதிரி இருக்கு."

அவர் உட்காரவில்லை. "நாளைக்கு ஒரு பொண்ணு ஒன்னப் பாக்க வருவா. ரேடியோவுலேருந்து. ஒங்க அப்பா சம்பந்தமா ஒரு சம்மதம் கேப்பா."

"கழுத விஷயமா?"

மலக்கியின் கை கோட்டுப் பையில் எதையோ தேடியது, அங்கே ஒன்றுமில்லை.

"ஒனக்குத் தெரியுமா?"

"ஊருக்கே தெரியும்ப்பா. நீங்க டிவியில வாசிச்ச அன்னிக்கு எங்க அம்மா சிரிச்ச சிரிப்புல பல்செட்டு கழண்டு கணப்புல விழுந்துது. பழைய பாதிரியாருக்குத் தெரியும். அஞ்சல்காரருக்குத் தெரியும். நீங்க ஜெர்மனி போயிருக்கும்போதெல்லாம் இங்க கல்யாணத்துல அதத்தான் வாசிப்பாங்க, எல்லாரும் கால இழுத்து இழுத்து ஆடுவாங்க."

மலக்கிக்கு ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. திருவிழா மேடையில் அந்த இழுப்பு வரும்போது முன்வரிசை முழுக்கக் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொள்ளும். அவருடைய தந்தையின் அடக்கத்தில் இந்த மெட்டை வாசித்தபோது சவப்பெட்டி தூக்கியவர்கள் நால்வரும் குலுங்கிப்போய்ப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டார்கள். எங்கள் மக்களின் துயரம் என்று அதைப் பற்றி ஒரு பேட்டியில் அவரே சொல்லியிருந்தார்.

"ஏன் யாரும் எங்கிட்ட சொல்லல?"

"தாத்தா பேரோட நிறுத்தியிருந்தா சொல்லியிருப்போம். நீ அவர் வீட்டையும் கொளுத்திட்ட. பாவம்னு விட்டுட்டோம்." அவள் இன்னொரு கிழங்கை எடுத்தாள். "நீ கவலப்படாத. சம்மதம் தரமாட்டேன். நீ பாட்டுக்கு ஒங்க தாத்தா பேரையே சொல்லு. நாங்க கைக்குட்டையோட வர்றோம்."

கேட்க வந்தது கிடைத்துவிட்டது. நன்றி சொல்லிவிட்டு மலக்கி வெளியே வந்தார். சம்மதம் தருவேன் என்று அவள் சண்டை போட்டிருந்தால் நிமிர்ந்து நடந்திருப்பார். ஒரு கில்செனன் ஒரு டார்ப்பியைப் பார்த்துப் பாவம் என்றுவிட்டாள். இதை விழுங்கிக்கொண்டு வீடு போய்ச் சேர்வது அவருக்குப் பெரும் பாடாக இருந்தது.

ஞாயிறன்று சாரலில் ஊர் முழுக்கச் சதுக்கத்தில் நின்றது. சிலையின் போர்வையை இழுத்தார்கள். பார்ட்லி கன்னம் உப்ப ஊதிக்கொண்டிருந்தார். மேடையில் குடும்பம் நால்வரும் கருவிகளோடு தயாராக, சோர்க்கா ஒலிவாங்கியை நீட்டினாள்.

"மிஸ்டர் டார்ப்பி, இந்த மெட்டு யார்கிட்டேருந்து கெடச்சுது?"

மலக்கி கூட்டத்தைப் பார்த்தார். முதல் வரிசையில் கைகள் பைக்குள் போயின. வெள்ளைக் கைக்குட்டைகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. அஞ்சல்காரரின் மனைவி இரண்டு கொண்டுவந்திருந்தாள்.

அவர் முதுகை நேராக்கிக்கொண்டார்.

"பாக்கி கில்செனன்கிட்டேருந்து" என்றார். "அவர் வீட்டு வாசல்ல நின்னு கத்துக்கிட்டேன். எங்க தாத்தாவுக்குப் புல்லாங்குழல எந்தப் பக்கம் ஊதறதுன்னுகூடத் தெரியாது. எங்க வீட்ட யாரும் கொளுத்தல. மெட்டோட பேரு டார்ப்பியோட நொண்டிக் கழுத."

சதுக்கத்தில் பாதி வழியில் நின்ற கைக்குட்டைகளை என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. கோல்மன் கிதாரைக் கீழே வைக்கப் போனார்.

"இன்னும் முடிக்கல" என்றார் மலக்கி. ஒலிவாங்கியைச் சோர்க்காவின் கையிலிருந்து எடுத்துக்கொண்டார். "பொய் சொன்னது நான். அதுக்கு மன்னிப்புக் கேட்டுக்கறேன். ஆனா ஒரு விஷயம் நாடு பூரா தெரிஞ்சுக்கணும். எங்க தாத்தா வித்தப்ப அந்தக் கழுதைக்கு நாலு காலும் சரியாத்தான் இருந்துச்சு. டார்ப்பி குடும்பம் யாருக்கும் நொண்டிக் கழுதைய வித்ததில்ல."

"நொண்டிதான்" என்றது பின்னாலிருந்து கன்செப்டாவின் குரல்.

"சந்தையில நல்லா நடந்துச்சு."

"சந்தையில நின்னுட்டிருந்துச்சு. அதுக்கப்புறம்தான் நடந்துச்சு."

"கில்செனன்களுக்கு எந்தக் காலத்துல விலங்க நடத்தத் தெரிஞ்சிருக்கு?"

ஊர் ஆவலோடு தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பியது. எழுபத்து மூன்று வயதில் மலக்கியின் கன்னத்தில் ரத்தம் ஏறியிருந்தது. அவரைப் பாவம் என்று சொல்ல அந்த நிமிடத்தில் யாருக்கும் தோன்றியிருக்காது. அட்ராக்டா காத்திருக்கவில்லை, பிடிலைத் தூக்கி ஆரம்பித்தார். பதிவில் கேட்ட அதே வேகம். மற்ற மூவரும் துரத்திப் பிடித்தார்கள். இழுப்பு வரும் இடத்தில் சதுக்கம் முழுக்க ஒரே சமயத்தில் இடது காலை ஈரக் கல்மேல் இழுத்தது. வானொலியில் கேட்டவர்களுக்கு அது என்ன சத்தம் என்று புரியவில்லை. ஹாம்பர்க் விமர்சகருக்குக் கடிதம் எழுத வேண்டும் என்று டிம்ப்னா சொன்னார். அவர் இறந்துவிட்டிருந்தார், நல்லவேளை.

அடுத்த வாரம் சிலைக் குழு கூடியது. பீடத்தில் பாக்கி கில்செனனின் பெயரைப் பொறிக்க மலக்கி உடனே சம்மதித்தார். முதல் வரியாகவே போடச் சொன்னார். பார்ட்லியின் கையிலிருக்கும் புல்லாங்குழலை அறுத்துவிட்டுக் கழுதையின் கயிற்றைக் கொடுப்பது, பக்கத்தில் வெண்கலத்தில் ஒரு கழுதையையும் நிறுத்துவது என்று குழு யோசனை சொன்னது. நெடுநேரம் யோசித்து அதற்கும் ஒப்புக்கொண்டார். ஒரே நிபந்தனை: கழுதையின் நான்கு குளம்பும் தரையில் உறுதியாக ஊன்றியிருக்க வேண்டும்.

ஒரு கால் தூக்கியிருக்க வேண்டும் என்று கன்செப்டா எழுத்தில் கொடுத்திருக்கிறாள். சிற்பி காத்திருக்கிறார். மலக்கி ஒவ்வொரு கூட்டத்துக்கும் சலவை செய்த கோட்டோடு முதல் ஆளாக வந்து உட்காருகிறார்.