வாயை மூடச் சொன்னவள்

புது ஆஸ்பத்திரியில் நர்ஸ் சீருடைக்கு அளவெடுக்க வந்த தையல்காரம்மா இடுப்பைச் சுற்றி டேப்பை இழுத்துப் பிடித்தபோதுதான், இனிமேலும் சொல்லாமல் இருக்க முடியாது என்று அவளுக்குத் தோன்றியது. துணியை வெட்டிவிட்டால் அப்புறம் எந்த முகத்தோடு சொல்வது? காலையில் கணவன் படித்துப் படித்துச் சொல்லித்தான் அனுப்பியிருந்தான். "அவங்களா கேட்டா சொல்லு. நீயா வாயக் குடுத்து மாட்டிக்காத." அவளும் தலையாட்டிவிட்டுத்தான் வந்தாள். ஆனால் தலைமை நர்ஸ் எதிரே உட்கார்ந்துகொண்டு, "உன் மூஞ்சியப் பாத்தாலே தெரியுதும்மா, நீ பொறுமைசாலி. எங்களுக்கு அதான் வேணும்" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். வேறு எதைப் புகழ்ந்திருந்தாலும் வாங்கி வைத்துக்கொண்டு சும்மா இருந்திருப்பாள்.

"மேடம், ஒரு விஷயம் சொல்லணும்."

"கேன்டீன் சாப்பாடுதானே? சுமார்தான். வீட்லேர்ந்தே கொண்டாந்துரு."

"அது இல்ல மேடம். என் மேல நர்சிங் கவுன்சில்ல ஒரு புகார் இருக்கு. விசாரணை இன்னும் முடியல."

டேப் அப்படியே நின்றது. தலைமை நர்ஸ் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"மருந்து மாத்திக் குடுத்துட்டியா?"

"ஐயோ, இல்ல மேடம்."

"அப்புறம் என்னம்மா பண்ணித் தொலைச்ச?"

"பேஷன்ட்ட வாய மூடச் சொல்லிட்டேன்."

பழைய ஆஸ்பத்திரியில் நடந்தது அது. நோயாளி ஓய்வுபெற்ற வக்கீல். நாக்குக்கு அடியில் தெர்மாமீட்டரை வைத்த பிறகும் வாதாடுவதை அவர் நிறுத்தவில்லை. கட்டில் கோணல், மின்விசிறி சத்தம், டாக்டருக்கு வயசு போதாது. ஒவ்வொரு வாதத்துக்கும் தெர்மாமீட்டர் நழுவி மடியில் விழுந்தது. "ஐயா, கொஞ்சம் வாய மூடிக்கங்க" என்று முதலில் பூப்போலத்தான் சொன்னாள். கடைசியாகச் சொன்னது பக்கத்து வார்டு வரைக்கும் கேட்டது. அங்கே தூங்கிக்கொண்டிருந்த ஒருவர் திடுக்கிட்டு எழுந்து தன் வாயைப் பொத்திக்கொண்டாராம். வக்கீலுக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டது, கோபம் இறங்கவில்லை.

கேட்டு முடித்த தலைமை நர்ஸின் முகம் கொஞ்சம் தெளிந்தது. "தெர்மாமீட்டருக்காகத்தானே சொன்ன? அப்படியே மேல சொல்லிடலாம்."

ஆமாம் என்றால் போதும். தலைமை நர்ஸே கதவைத் திறந்துவிட்டு நிற்கிற மாதிரிதான், உள்ளே போக வேண்டியதுதான்.

"மொதல்ல சொன்னதெல்லாம் தெர்மாமீட்டருக்குத்தான் மேடம். கடைசியா சொன்னது அவருக்கு."

சொன்ன பிறகுதான் கணவனின் முகம் கண்முன் வந்தது. அவன் தலையில் கையை வைத்துக்கொண்டிருந்தான்.

"நிர்வாகிகிட்ட நான் இத மறைக்க முடியாதும்மா" என்று சொல்லிவிட்டு, தலைமை நர்ஸ் எழுந்து பக்கத்துக் கண்ணாடி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

தையல்காரம்மா அவள் காதருகே குனிந்தார். "உண்மையச் சொல்லு தாயி. கத்துனப்ப எப்படி இருந்துச்சு?"

அவள் சுற்றும்முற்றும் பார்த்தாள். "நல்லாத்தாங்க்கா இருந்துச்சு."

கண்ணாடிக்கு அப்பால் தலைமை நர்ஸ் போனில் பேசிக்கொண்டிருந்தார். ஒரு சொல்கூட வெளியே கேட்கவில்லை. நடுவில் பேச்சு நின்றது. அவர் சட்டென்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். கைக்குட்டை முகத்துக்குப் போனது. அடக்கிய சிரிப்பில் முதுகு மட்டும் விட்டுவிட்டுக் குலுங்கிக்கொண்டிருந்தது.