கட் சொன்ன பிறகு ஐந்து நொடி

1

இது கதையாகத் தொடங்கப்பட்டதல்ல. சொந்தமாகப் படம் எடுக்க நினைப்பவர்களுக்கு நடைமுறை யோசனைகள் வேண்டும் என்று ஒரு பத்திரிகை கேட்டது. பத்து எழுதித் தருவதாக ஒப்புக்கொண்டேன். மூன்றாவதில் கதையாகிவிட்டது. பத்திரிகைக்கு இன்னும் சொல்லவில்லை.

2

முதல் வரியை மூன்று முறை எழுதினேன்.

'நல்ல கேமராவைவிட நல்ல ஒலி முக்கியம்.' (உண்மைதான். எல்லோரும் சொல்வது.)

'எதிரொலிக்கும் அறை என்றால், கேமராவில் படாத சுவர்களில் போர்வை தொங்கவிடுங்கள்.' (எங்கள் வீட்டுப் போர்வைகள் எல்லாவற்றிலும் ஆணி ஓட்டை உண்டு.)

'என் படத்தில் நடித்தவள் என் மனைவி. படப்பிடிப்பு முடிந்த பத்தொன்பதாம் நாள் அவள்

(இந்த வாக்கியம் முடியவில்லை. இறந்துபோனாள் என்பதைத் தனியாக இங்கே போட்டுவிடுகிறேன். காரணம் இந்தக் கட்டுரைக்கு வேண்டாம்.)

3

யோசனை: 'கட்' சொல்ல அவசரப்படாதீர்கள். ஐந்து நொடி ஓடவிடுங்கள். வசனம் முடிந்த பிறகுதான் முகம் வேலை செய்ய ஆரம்பிக்கும்.

நான் அவசரப்பட்டேன். கடைசிக் காட்சி, ஒரு சலவைக்கடை. சொல்லாமல் போன கணவன் திரும்பி வந்து வாசலில் நிற்கிறான். அவள் சட்டை மடித்துக்கொண்டிருக்கிறாள். கணவன் திரையில் வரமாட்டான், கேமராதான் கணவன். (ஒரு நடிகர் மிச்சம். இதையும் யோசனையாக எடுத்துக்கொள்ளலாம்.) கேமராவுக்குப் பின்னால் நான். பேட்டரி ஒன்றுதான். ஏழு தடவை எடுத்தோம். ஏழிலும், அவள் நிமிர்வதற்கு முன்பே கட் சொல்லியிருக்கிறேன். குனிந்த தலையே போதும் என்று அப்போது தோன்றியது.

4

படத்தைத் தொகுப்பவர் என் மனைவியின் அண்ணன்.

"மாப்ள, குனிஞ்ச தலைய வச்சுப் படத்த முடிக்க முடியாது. கழுத்து வலின்னு நெனச்சுக்குவாங்க."

"வேற எதுவும் எடுக்கல மச்சான்."

"எடுத்திருக்க. ஏழாவது டேக். கட்டுன்னு கத்திட்டு, நிறுத்த மறந்துட்ட."

ஓட்டிக் காட்டினார். என் குரல்: "கட்." அவள் நிமிர்கிறாள். பார்க்கிறாள். இரண்டு நொடி. பிறகு, "நல்லா வந்துச்சாப்பா?"

என் குரல்: "பேட்டரி ஒம்பது பர்சென்ட்டுதான் இருக்கு."

(அடிக்குறிப்பு போல: அப்போது நான் பேட்டரி அளவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பார்வையை முதல் தடவையாகப் பார்த்தது மச்சானின் கணினித் திரையில்.)

"வாயத் தொறக்கறதுக்கு முன்னாடி வெட்டிடறேன். புருஷன மன்னிச்சுட்டாளேன்னு ஊரே அழும்."

"அது நடிப்பு இல்ல மச்சான்."

"அதனாலதான் நல்லாருக்கு."

"என்னைப் பாக்கறா."

மச்சான் நாற்காலியைத் திருப்பவில்லை.

"தெரியாமயா சொல்றேன்? எங்கிட்ட அவ வாங்கிட்டுப் போன ஹெட்போன்கூடத் திரும்பி வரல. ஒனக்கு ரெண்டு செகண்ட் இருக்கு. அதுக்கே இந்தக் கஞ்சத்தனம்."

5

இந்தக் கதையின் மச்சான்மேல் எனக்குச் சந்தேகம். நிஜத்தில் அவர் இவ்வளவு பேசுகிறவர் இல்லை. இரண்டு வரி நான் சேர்த்தது. எவை என்று அவருக்குத் தெரியும்.

அவளுக்கு ஒரே ஒரு வரிதான். கூடுதலாகச் சில எழுதிப் பார்த்தேன். அவள் பேசுவதுபோல இல்லை. எடுத்துவிட்டேன்.

6

யோசனை: சாப்பாட்டை நேரத்துக்குப் போடுங்கள். (இது இங்கே ஏன் வந்தது என்று தெரியவில்லை. இருக்கட்டும்.)

7

முடிவு ஒன்று. சேர்த்தேன். அரங்கில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். அந்த இரண்டு நொடி இனிமேல் சலவைக்கடைக்காரியுடையது.

முடிவு இரண்டு. சேர்க்கவில்லை. பார்வை என்னிடம் இருக்கிறது. படம் கழுத்து வலியோடு முடிகிறது. அவள் ஏழு தடவை சட்டை மடித்தது வீண்.

முடிவு மூன்று, இதுவரை நடந்தது. மச்சான் இரண்டு விதமாகவும் வெட்டி வைத்துவிட்டு வெளியே போயிருக்கிறார். படத்தை ஒரு திரைப்பட விழாவுக்கு அனுப்ப இன்றுதான் கடைசி நாள். "எதையாவது ஒண்ண அனுப்பித் தொல. எதுன்னு எங்கிட்ட சொல்லாத" என்றார். (இது அவரே சொன்னது.)

நான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

என்றாவது அந்தப் படம் உங்கள் கண்ணில் பட்டால், அவள் நிமிர்கிறாளா என்று உங்களுக்குத் தெரிந்துவிடும். நிமிர்ந்தால், யாரைப் பார்க்கிறாள் என்பதைப் பக்கத்து இருக்கைக்காரரிடம் சொல்ல வேண்டாம்.