இருபத்து மூன்று அடி

நீர்மட்டக் குழு என்று பெயர். மயிலாப்பூரில் ஒரு கட்டடத்தின் இரண்டாம் மாடியில் மாதம் ஒருமுறை கூடி, நெடுவயல் நீர்த்தேக்கத்தில் எத்தனை அடி தண்ணீர் நிற்கலாம் என்று முடிவு செய்கிற பெரிய மனிதர்கள். அவர்களில் ஒருவர்கூட இந்த இரண்டு வருடத்தில் ஏரியை நேரில் பார்த்ததில்லை. நான் எஸ்தர். கூட்டக் குறிப்பு எழுதுகிறவள்.

ஏரி நிரம்பினால் இருபத்து நான்கு அடி. மிச்சமெல்லாம் அடையாற்றில்தான் போக வேண்டும். சைதாப்பேட்டையில், அந்த ஆற்றங்கரையில், தரைத்தளத்தில் என் வீடு. உள்ளே என் மாமனார் மிக்கேல் பக்கவாதம் வந்து நான்கு வருடமாகப் படுக்கையில் கிடக்கிறார். அவரை வெளியே கொண்டுபோக நான்கு ஆளும் ஒரு மணி நேரமும் வேண்டும். கூட்ட அறையில் அந்தப் பெரிய மனிதர்கள் அடி கணக்குப் பேசும்போதெல்லாம் எனக்கு அவருடைய கட்டில் உயரம்தான் நினைவுக்கு வரும்.

கார்த்திகையில் ஒரு புதன்கிழமை கூட்டம். ஏரியில் இருபத்து மூன்று அடி. வார இறுதியில் கனமழை என்று அறிவிப்பு வந்திருந்தது. இப்போதே மூன்றடியை மெதுவாக இறக்கிவிட்டால் வருகிற மழைக்கு இடம் கிடைக்கும். மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரிகிற கணக்கு இது.

"சண்டே படகுத்துறை திறப்பு விழா சார். ஒரு அடி இறங்குனாலும் படகுல ஏற முடியாது," என்றார் சுற்றுலாவைப் பார்க்கும் கிரீஷ். படகுத்துறையை ஏரி தளும்பிக்கொண்டிருந்த நாளில் அளவெடுத்து, சிமெண்டில் கட்டியிருந்தார்கள். ஏரி என்றால் எப்போதும் நிரம்பியே இருக்கும் என்று நம்பிப் படி கட்டிய அறிவாளிகள்.

"லெவல் இறங்குனா அழுத்தம் போயிடும். டர்பைன் சுத்தாது," என்றார் மின்சாரத்துக்கு வந்திருந்த தௌசீஃப். அந்த டர்பைன் தரும் மின்சாரம் திறப்பு விழா சீரியல் பல்புக்கே காணாது.

குடிநீருக்குப் பொறுப்பு, குழுவின் தலைவர் கஸ்தூரிரங்கன். "கோடையில ஜனங்க குடத்தைத் தூக்கிண்டு ரோட்ல நின்னா யார் பதில் சொல்றது? ஒரு சொட்டு விடப்படாது." அன்றைக்குப் பேசியதில் கொஞ்சம் நியாயம் இருந்தது இதில்தான். ஆனால் இறக்கியதை இரண்டே நாளில் மழை நிரப்பிவிடும் என்பது அவருக்கும் தெரியும்.

குறிப்பு எழுதுகிறவள் வாய் திறப்பது அங்கே வழக்கமில்லை. திறந்தேன். "சார், இப்ப கொஞ்சம் கொஞ்சமா விடலைன்னா அப்புறம் மொத்தமா திறக்கணும். கரையோரம் ஜனங்க இருக்காங்க."

கஸ்தூரிரங்கன் சிரித்தார். "மழை வரும்னு சொல்றவா என்னிக்கு சரியா சொல்லியிருக்கா? எழுதிக்கோம்மா, அபாயம் ஏதுமில்லை."

எழுதினேன். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பார்கள். ஆற்றில் விடுவதைப் பற்றி அளக்கத்தான் இவர்களுக்குச் சம்பளம்.

வியாழக்கிழமை பிடித்த மழை விடவில்லை. வெள்ளி மாலை பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது, மேம்பாலத்தின் ஓரத்தில் கஸ்தூரிரங்கனின் கார் நின்றிருந்தது. வெள்ளம் வரும் என்றால் காரை மேம்பாலத்தில் ஏற்றிவிடுவது இந்த ஊரில் கார் வைத்திருப்பவர்கள் பழக்கம். அவர் வீடு கோட்டூர்புரத்தில், ஆற்றை ஒட்டி. உடனே போன் செய்தேன்.

"சார், மதகைத் திறக்கறாங்களா?"

"அப்படி ஒண்ணும் முடிவு பண்ணலியேம்மா. பண்ணினா சொல்றேன்."

வைத்துவிட்டார். அவர் வாயைவிட அவர் காரை நம்பினேன்.

வீட்டில் என் கணவர் ஏசுராஜ் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தார். மார்க்கெட்டில் மீன் விற்கிறவர். "இன்னா இப்டி ஓடியாற? மெசேஜ் கூட ஒண்ணியும் வர்லியே," என்றார்.

"சேர்மன் காரைப் பாலத்து மேல ஏத்திட்டாரு."

அது போதும் அவருக்கு. கூடையைப் போட்டுவிட்டு ஆள் கூப்பிடப் போனார். நான்கு பேர் மாமனாரைக் கட்டிலோடு தூக்கினார்கள்.

"வூட்ல பொட்டுத் தண்ணி இல்ல, இன்னாத்துக்குடா என்னிய மழையில தூக்கிக்கினு போறீங்க?" என்று மிக்கேல் வழியெல்லாம் திட்டினார். பக்கத்து வீட்டு அமீனா பீ விஷயம் கேட்டு, தன் பிள்ளைகளோடு பின்னால் வந்தாள். அவளைப் பார்த்துத் தெருவே பள்ளிக்கூட மாடிக்கு ஏறியது.

இரவோடு இரவாக மதகைத் திறந்துவிட்டார்கள். சனிக்கிழமை விடிந்தபோது கட்டில் கிடந்த இடத்தில் கழுத்தளவு தண்ணீர். வீட்டில் ஒரு சாமான் மிஞ்சவில்லை. எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. எச்சரிக்கைக் குறுஞ்செய்தி காலை ஒன்பது மணிக்கு வந்தது, பாதுகாப்பான இடத்துக்குச் செல்லவும் என்று.

அடுத்த கூட்டத்தில் கஸ்தூரிரங்கன் பூரித்துப் போயிருந்தார். "கரையோரம் ஒரு உயிர் போகலை. நம்ம முன்னெச்சரிக்கை நன்னா வேலை செஞ்சிருக்கு. எழுதிக்கோம்மா."

"எந்த எச்சரிக்கைன்னு எழுதறது சார்? மெசேஜ் வந்தது சனிக்கிழமை. நாங்க வெள்ளிக்கிழமையே கிளம்பிட்டோம், உங்க கார் பாலத்துல நின்னதைப் பார்த்து."

கிரீஷும் தௌசீஃபும் மேஜையைப் பார்த்தார்கள். கஸ்தூரிரங்கன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அது என் ஆத்துக்காரி கொண்டுபோய் நிறுத்தினது," என்றார்.

அவர் சொன்னதையே எழுதினேன். 'வெள்ள எச்சரிக்கை: தலைவரின் மனைவிக்கு, வெள்ளிக்கிழமை மாலைக்குள். கரையோர மக்களுக்கு, சனிக்கிழமை காலை ஒன்பது மணி.' கையெழுத்துக்காக அவர் முன்னால் வைத்தேன்.

படித்தார். முகம் கறுத்தது. "இதை அடிச்சுடு," என்றார்.

"நேரம் எதுவும் தப்பா சார்?"

வேண்டுமானால் அவரே அடிக்கட்டும் என்று பேனாவை அவர் பக்கம் நகர்த்தினேன்.