பந்துதானே என்றார்கள்

வருடத்தின் கடைசி நாளில் வெஸ்டர்போ கிராமத்துக்காரர்கள் மதியச் சாப்பாட்டை நின்றபடியேதான் சாப்பிடுவார்கள். வீர்ட்டின் வீட்டுக்குப் பின்னால், சோளம் அறுத்த வயலில், பழைய பால் கேன்கள் வரிசையாகப் படுத்திருக்கும். உள்ளே, நனைத்தால் எரிவாயு கக்கும் கார்பைடு கல், வாயில் அழுத்தி அடைத்த கால்பந்து, அடிப்பக்கத்தில் ஆணி இறங்கும் அளவுக்கு ஓர் ஓட்டை. அந்த ஓட்டையில் தீயைக் காட்டினால் கேன் இடிபோல் உறுமும். பந்து வயலின் மறுகோடிக்குப் பறக்கும். சிறுசுகள் அதை எடுத்துவர ஓடுவார்கள்.

ஃபென்னி வேலை முடிந்து நேராக வயலுக்கு வந்திருந்தாள். பண்ணை பண்ணையாகப் போய்ப் பால் எடுக்கும் டேங்கர் லாரி அவளுடையது. சொந்தமில்லை, ஆனால் அந்த வட்டாரத்தில் எல்லோரும் அதை "ஃபென்னியோட லாரி" என்றுதான் சொல்வார்கள். பனியிலும் சேற்றிலும் அவ்வளவு நீள வண்டியைப் பின்னோக்கி எடுத்து, தொழுவத்துச் சுவரில் உரசாமல் நிறுத்துகிறவள் என்று பெயர்.

அவளுடைய தம்பி வீர்ட் ஓர் அட்டைப்பெட்டியிலிருந்து எல்லோருக்கும் பாதுகாப்புக் கண்ணாடி கொடுத்துக்கொண்டிருந்தான்.

"இந்தாக்கா, மாட்டிக்க."

"என்னடா இது, எந்தப் பட்டறைல சுட்ட?"

"நகராட்சிக்காரன் போட்ட கண்டிஷன். கண்ணாடி இல்லேன்னா அனுமதி கிடையாதாம். பந்துதானேன்னு சொல்லிப் பாத்தேன், காதுலயே வாங்கல."

பக்கத்து வீட்டு ஹார்ம் கண்ணாடியைத் தன் கம்பளித் தொப்பியின்மேல் மாட்டிக்கொண்டு வந்தான். "எனக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்கு. தொப்பிக்குத்தான் கொஞ்சம் மங்கல்," என்றான். எல்லோரும் சிரித்தார்கள். ஃபென்னியும் சிரித்தாள். ஆனால் கண்ணாடியை ஒழுங்காகத்தான் மாட்டிக்கொண்டாள்.

அவள் கணவன் ரூலாஃப் காகிதக் கோப்பையில் பட்டாணி சூப் கொண்டுவந்து கொடுத்தான். குனிந்து குடித்தபோது ஆவி பட்டுக் கண்ணாடி வெளுத்துப்போனது. எதுவும் தெரியவில்லை. அதை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டாள்.

அப்போதுதான் கடைசிக் கேன் வெடிக்காமல் முரண்டுபிடித்தது. ஹார்ம் எரிவிளக்கை ஓட்டையில் காட்டினான். ஒன்றுமில்லை. மறுபடி காட்டினான். புஸ்ஸென்றுகூடச் சத்தம் வரவில்லை.

"கல்லு செத்துப்போச்சு," என்றான் வீர்ட். "இரு, பந்தைப் புடுங்கிட்டு வேற கல்லு போடறேன்."

விளக்கை அணைக்கச் சொல்லாமலே கேனைச் சுற்றி முன்பக்கம் போனான். பந்தைப் பிடுங்குவதற்காக மண்டியிட்டான். பின்னால் நின்ற ஹார்முக்கு அவன் போனது தெரியவில்லை. யாரோ சொன்ன நகைச்சுவைக்குச் சிரித்துக்கொண்டே, இன்னொரு தரம் பார்ப்போமே என்று விளக்கைக் குனிந்து நீட்டினான்.

பக்கவாட்டில் நின்ற ஃபென்னிக்கு இருவரும் தெரிந்தார்கள். "ஹார்ம், வேணாம்!" என்று கத்தினாள். காற்று அந்தப் பக்கம் அடிக்கவில்லை, அவன் காதில் விழவில்லை. சூப்பைப் போட்டுவிட்டு ஓடி, தம்பியின் தோளில் கைவைத்துத் தள்ளினாள்.

வீர்ட் சேற்றில் போய் விழுந்தான். அவன் இருந்த இடத்தில் அவள் முகம் இருந்தது. கேன் உறுமியது.

வலி உடனே வரவில்லை. உலகத்தில் பாதியை யாரோ துணிபோட்டு மூடியதுபோல் இருந்தது. பிறகு கன்னத்தில் வெதுவெதுப்பாக ஏதோ இறங்கியது. வீர்ட்டின் மனைவி ஹில்லி துண்டோடு ஓடிவந்து அழுத்தப் போனாள். ரூலாஃப் அவள் கையைத் தட்டிவிட்டான்.

"அழுத்தாத! தண்ணியும் ஊத்தாத! யாரும் தொடாதீங்க!"

வேலையிடத்தில் முதலுதவிப் பயிற்சிக்குப் போனவன் அவன். சுத்தமான காகிதக் கோப்பை ஒன்றை எடுத்து, கண்ணில் படாமல், எலும்பின்மேல் மட்டும் பொருந்துமாறு கவிழ்த்து ஒட்டினான். ஆம்புலன்ஸ் கதவு மூடும்வரை அதைப் பிடித்தபடியே கூட வந்தான்.

க்ரோனிங்கன் நகர மருத்துவமனையில் வலது கண்ணைத் தைத்தார்கள். கிழிந்திருந்ததையெல்லாம் சேர்த்துத் தைத்தாயிற்று, இனி வெளிச்சம் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும் என்றார்கள். டாக்டர் தெர்ப்ஸ்ட்ரா தினமும் வந்து ஒரு சின்ன விளக்கை அந்தக் கண்ணருகே பிடிப்பாள்.

"இப்ப தெரியுதா?"

"தெரியுது," என்றாள் ஃபென்னி ஒருநாள்.

"நான் இன்னும் விளக்கைப் போடலைங்க," என்றாள் டாக்டர், மெல்ல.

பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து விளக்கினாள். அந்தக் கண் இனிப் பார்க்காது. அது உள்ளே இருக்கும்வரை வேறொரு ஆபத்தும் உண்டு. அபூர்வம்தான். ஆனாலும் காயம்பட்ட கண்ணை எதிர்த்துக் கிளம்புகிற உடம்பு, நல்ல கண்ணையும் சேர்த்துத் தாக்கிவிடலாம். அப்படி ஆரம்பித்தால் மருந்துக்குக் கட்டுப்படும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. எடுத்துவிடுவது நல்லது, சீக்கிரமே.

"யோசிச்சுச் சொல்றேன்," என்றாள் ஃபென்னி. வீட்டுக்கு வந்தபிறகும் யோசித்தாள். ஒற்றைக் கண்ணோடு கனரக வண்டி ஓட்ட உரிமம் கிடையாது என்று அவளுக்குத் தெரியும். கண் முகத்தில் இருக்கும்வரை ஏதோ மிச்சம் இருப்பதாகத் தோன்றியது. ரூலாஃப் கெஞ்சிப் பார்த்தான். "செத்த கண்ணுக்காக உசிரோட இருக்கறத அடகு வெக்காத, ஃபென்னி." அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அந்த வாரம்தான் வீர்ட் வந்தான். கேக் வாங்கி வந்திருந்தான். புருவம் கருகியிருந்ததைத் தவிர அவனுக்கு ஒன்றுமில்லை, அன்று அவன் கண்ணாடியைக் கழற்றவில்லை. ரொம்ப நேரம் காப்பிக் கோப்பையைச் சுற்றிக்கொண்டே இருந்தான்.

"அக்கா, போலீஸ்காரங்க உன்கிட்ட வருவாங்க."

"வரட்டும்."

"அனுமதி என் பேர்ல இருக்கு. நான் முன்னாடி போனேன்னு தெரிஞ்சா இன்சூரன்ஸ்காரன் கையை விரிச்சிருவான். ஹார்ம் ஒண்ணும் சொல்ல மாட்டான். நீ மட்டும்... நீயா குறுக்க ஓடி வந்தேன்னு சொல்லிடு. ஊர்லயும் அப்படித்தான் பேசிக்கறாங்க. நீ கண்ணாடியக்கூட மேல ஏத்தி விட்டிருந்தேன்னு."

"யாரு பேசிக்கறாங்க?"

அவன் கேக் பெட்டியைத் திறக்க ஆரம்பித்தான். முதலில் அப்படிப் பேசியது யார் என்று ஃபென்னிக்குப் புரிந்துவிட்டது. அவனைத் தள்ளிய கை மடிமேல் கிடந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொட்டு மருந்து போடற நேரமாச்சு," என்றாள். "ரூலாஃப் கடைக்குப் போயிருக்கான். நீ போட்டு விடு."

"நானா?"

"ரெண்டு சொட்டு. கட்டைப் பிரிச்சு, இமையை லேசாத் தூக்கிப் போடணும். வா."

வீர்ட் மருந்துக் குப்பியை எடுத்தான். கட்டைப் பாதி பிரித்தான். அடியில் இருந்ததைப் பார்த்ததும் குப்பி கையிலிருந்து நழுவித் தரையில் உருண்டது. வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைக் கதவு வழியாக வெளியே ஓடினான். அங்கே அவன் வாந்தி எடுக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வரவில்லை. கார் கிளம்பிப் போனது.

ஃபென்னி குப்பியைத் தேடினாள். ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் பிடிபடவில்லை, தரையில் கைவைத்த இடத்துக்கும் குப்பிக்கும் எப்போதும் ஒரு சாண் தூரம் இருந்தது. ரூலாஃப் வந்தபோது அவள் சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"டாக்டருக்குப் போன் போடு," என்றாள். "எடுத்துடச் சொல்லு."

"என்ன ஆச்சு?"

"இன்னொண்ணு பத்திரமா இருக்கணும். இனிமே யாருக்காகவும் அதைக் குடுக்கறதா இல்ல."

கண்ணை எடுத்தார்கள். போலீஸ்காரர் வந்தபோது நடந்ததை நடந்தபடியே சொன்னாள். விளக்கு அணையவில்லை என்பதையும், வீர்ட் மண்டியிட்டதையும், தன் கண்ணாடி நெற்றியில் இருந்ததையும், எதையும் விடாமல் சொன்னாள். அவள் அம்மா போனில் அழுதாள். "கண்ணு போனது போயிடுச்சு, கூடப் பொறந்தவனையும் விடணுமாடி?" ஃபென்னி போனை மேசைமேல் வைத்துவிட்டு, அம்மா அழுது முடிக்கும்வரை காத்திருந்தாள்.

லாரியை வேறொருவன் ஓட்டினான். அவளுக்குப் பால் நிலையத்தில், வண்டிகள் வரும் வாசலில், குழாய் மாட்டிக் கழுவுகிற வேலை கொடுத்தார்கள். ஊரில் பாதிப் பேர் வணக்கம் சொன்னார்கள், பாதிப் பேர் சைக்கிளை வேறு தெருவில் திருப்பினார்கள். ஹார்ம் ஒருநாள் வந்து வாசலிலேயே நின்று, தொப்பியைக் கையில் பிசைந்தபடி, "நான்தானே தீயக் காட்டினேன்," என்றான். அவள் அவனை உள்ளே கூப்பிட்டுக் காப்பி கொடுத்தாள். அவனும் போலீஸிடம் போய் உண்மையைச் சொல்லிவிட்டு வந்தான். அம்மாவின் பிறந்தநாளுக்கு வீர்ட் காலையிலும் அவள் மாலையிலும் போனார்கள்.

அடுத்த வருடக் கடைசியில் கேன்கள் வேறொருவர் வயலில் படுத்திருந்தன. கயிறு கட்டி வேலி போட்டிருந்தார்கள். கண்ணாடி இல்லாதவர்களை வேலிக்கு உள்ளே விடவில்லை என்று ஹில்லி யாரிடமோ சொன்னதாகக் காதில் விழுந்தது. ஃபென்னி போகவில்லை. ரூலாஃபின் அக்கா வீட்டுக்குக் கிளம்பினார்கள். ரூலாஃப் ஓட்ட, அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். தூரத்தில் முதல் கேன் உறுமியது. அவள் இரண்டு கையாலும் இருக்கையைப் பிடித்துக்கொண்டாள்.

வீர்ட்டின் வீட்டைத் தாண்டும்போது ரூலாஃப் வேகத்தைக் குறைத்தான்.

"வெளிய நிக்கறான்," என்றான். "கையைத் தூக்கினாப்புல இருந்துச்சு."

அது அவளுடைய வலது பக்கம், கண் இல்லாத பக்கம். பார்க்க வேண்டுமென்றால் கழுத்தை முழுக்கத் திருப்பியாக வேண்டும். அவள் திருப்பினாள். அதற்குள் வீர்ட்டின் வேலி முடிந்து, அறுத்த சோளத்தட்டைகள் நீட்டிக்கொண்டிருந்த வயல்தான் ஜன்னலில் ஓடிக்கொண்டிருந்தது.

"வண்டியை நிறுத்தவா?" என்றான் ரூலாஃப்.

"வேணாம்," என்றாள். "போ."