ஆவுடைத்தாயின் படத்திறப்பு

ஆவுடைத்தாயின் மூச்சு நின்ற அரை மணிக்குள், அம்மா படத்தை ஆறுமுகசாமி அண்ணாச்சிதான் திறந்து வைக்க வேண்டும் என்று மகள் வெயிலம்மாள் சொல்லிவிட்டாள். அவள் புருஷன் உக்கிரபாண்டிக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. அவன் அண்ணாச்சியின் தீப்பெட்டி ஆபீசில் பதினாறு வருஷமாக மேஸ்திரி. மாமியாருக்கும் முதலாளிக்கும் பதிமூன்று வருஷமாக முகம் பார்க்காத பகை. நடுவில் மாட்டிக்கொண்டு அவன் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. சாவிலாவது எல்லாம் தீர்ந்ததே என்று துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். பெண்டாட்டியை இத்தனை வருஷம் பார்த்தும் அவனுக்கு அவளைத் தெரியவில்லை.

ஆவுடைத்தாய்க்கு எழுபத்தொன்பது வயது. அதில் பாதியாவது ரயிலில் கழிந்திருக்கும். ரங்கூனில் வாழ்க்கைப்பட்டு, ஜப்பான் சண்டைக் காலத்தில் புருஷனை வழியில் பறிகொடுத்து, கைக்குழந்தையான வெயிலம்மாளை இடுப்பில் வைத்துக்கொண்டு காடு மலையெல்லாம் நடந்தே வந்தவள். அந்த வழியில் யாரோ முகம் தெரியாதவர்கள் கொடுத்த கஞ்சியில்தான் பிள்ளை பிழைத்தது. அதற்குப் பிறகு எங்கே மனிதர்கள் தவித்தாலும் அவளால் வீட்டில் இருக்க முடிந்ததில்லை. தனுஷ்கோடியைப் புயல் அடித்துக்கொண்டு போனபோது போனாள். பீகாரில் பஞ்சம் என்றார்கள், அங்கும் போனாள். இரண்டு சேலை, ஒரு தம்ளர், சேவா சங்கத்துக் கடுதாசி ஒன்று. அவ்வளவுதான் மூட்டை. கோவில்பட்டி ஸ்டேஷனில் அவளைத் தெரியாத போர்ட்டர் கிடையாது.

ஊரில் இருக்கும் நாட்களில் சாயங்காலம் தீப்பெட்டி ஆபீசுக்குப் போய், குச்சி அடுக்கும் பிள்ளைகள் ஆறு பேருக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தாள். ஆறும் ஒரே வரிசையில் உட்கார்ந்து வேலை செய்கிற பிள்ளைகள். எழுபத்தொன்றாம் வருஷம் சித்திரையில் தீக்குச்சி மருந்து ரூமில் தீப்பிடித்தபோது, ஆறும் ஒரே வரிசையில் செத்துப் போயின. மூத்தவளான கல்யாணசுந்தரிக்கே பதினாலு வயதுதான்.

விசாரணைக்கு வந்த அதிகாரியிடம் ஆறுமுகசாமி சொன்னார்: "அந்தப் பிள்ளைங்க நம்ம ஆபீஸ் பிள்ளைங்க இல்ல சார். சுவரேறிக் குதிச்சு விளையாட வந்ததுங்க. அதுங்க மூஞ்சியைக்கூட நான் பாத்ததில்ல." ஆவுடைத்தாய் எழுந்து நின்று, அத்தனையும் பொய் என்றாள். அண்ணாச்சி சிரித்தார். "ஊர் ஊராச் சுத்துத பொம்பள. இவ பேச்சை எடுத்துக்கிடுவியளா?" எடுத்துக்கொள்ளவில்லை. அன்றிலிருந்து ஊருக்குள் அவள் பெயரே ஊர்சுத்தி என்றாகிப் போனது. வெயிலம்மாளும் ஒரு நாள் கோபத்தில் அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கிறாள். சொன்ன வாயைத் தைத்துக்கொள்ளலாமா என்று இப்போது இருக்கிறது.

ஒரே ஒரு சாட்சி இருந்தது. தீப்பிடிப்பதற்கு முந்தின ஆயுத பூஜைக்கு, வழக்கம்போல ஆபீஸ் வாசலில் குரூப் போட்டோ எடுத்தார்கள். எடுத்து முடித்ததும், தன் ஆறு பிள்ளைகளோடு தனியாக ஒன்று வேண்டும் என்றாள் ஆவுடைத்தாய். அண்ணாச்சி அன்றைக்கு நல்ல குஷியில் இருந்தார். தானும் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். தீ விபத்து நடந்து ஒரு மாதத்துக்குள் போட்டோக்காரர் நந்தகோபால் கடையைக் காலி செய்துவிட்டு வடக்கே எங்கோ போய்விட்டார். தானாகப் போனாரா, யாரும் அனுப்பி வைத்தார்களா என்பது கோவில்பட்டிக்கே தெரியும்.

பதினோரு வருஷம் தேடினாள் கிழவி. ஆந்திராவில் கடல் பொங்கியபோது பிணம் தூக்கப் போனவள், தூக்கி முடித்து வரும் வழியில் ஊர் ஊராய் இறங்கிப் போட்டோக் கடைகளில் விசாரித்தாள். கடைசியில் எண்பத்திரண்டில் நாக்பூர் பக்கம் ஒரு சந்தில் நந்தகோபால் அகப்பட்டார். அவள் முகத்தைப் பார்த்ததுமே உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்தாராம். அந்தப் போட்டோவை எடுத்துக் கையில் கொடுத்தாராம்.

ஊர் திரும்பியதும் போட்டோவை மகளிடம் கொடுத்தாள்.

"கேஸு எப்பவோ முடிஞ்சு போச்சேம்மா. இதை வச்சு என்ன செய்ய?" என்றாள் வெயிலம்மாள்.

"நான் செத்தா ஆறுமுகசாமி வருவான் ஏட்டி. ஊர் கூடுத எடத்துல அவன் இல்லாம இருப்பானா? படத்தை அவன் கையாலயே திறக்கச் சொல்லு."

சொன்னதுபோலவே அண்ணாச்சி சம்மதித்தார். வியாபாரிகள் சங்கத் தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது. 'தியாகத் தாய்க்குக் கண்ணீர் அஞ்சலி' என்று தன் பெயரைப் பெரிதாகப் போட்டு நோட்டீசும் அடித்துவிட்டார்.

பதினாறாம் நாள் காலையில் மண்டபத்து மேடையில் படத்தை மாட்டும்போது, மூடியிருந்த பட்டுத்துணி நழுவியது. உக்கிரபாண்டி பார்த்துவிட்டான். அப்படியே மேடையில் உட்கார்ந்துவிட்டான்.

"என் வேலை போயிரும் வெயிலு. நம்ம பிழைப்பே போயிரும்."

"போவட்டும்."

"வேற படம் மாட்டிருவோம். உன்னைக் கும்பிட்டுக் கேக்கேன்."

வெயிலம்மாள் துணியை இழுத்து மூடினாள். "அந்தப் பிள்ளையள தீப்பிடிச்ச அன்னைக்குக் காலையில வரிசையில உக்கார வச்சது நீங்கதான? அதிகாரி கேட்டப்ப வாயத் திறந்தியளா? இன்னைக்கும் திறக்க வேண்டாம். அப்படிப் போயி ஓரமா நில்லுங்க."

பதிமூன்று வருஷமாக அவள் கேட்காமல் வைத்திருந்த கேள்வி அது. அவன் எழுந்து ஓரமாகப் போய் நின்றான்.

பத்து மணிக்கு மண்டபம் நிறைந்துவிட்டது. செத்துப்போன பிள்ளைகளின் வீட்டாரை வெயிலம்மாள் நேரில் போய் அழைத்து முன்வரிசையில் உட்கார வைத்திருந்தாள். அண்ணாச்சி அவர்களுக்கும் சேர்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு மேடையேறினார். அம்மையாரின் சேவையைப் பற்றிக் கால் மணி நேரம் பேசினார். குரல்கூடத் தழுதழுத்தது. பிறகு கயிற்றைப் பிடித்து இழுத்தார்.

துணி விழுந்தது. மூன்றடி அகலப் படம். நடுநாயகமாக ஆறுமுகசாமி, பக்கத்தில் ஆவுடைத்தாய். கீழே கையில் பொரிப் பொட்டலத்தோடு ஆறு பிள்ளைகள். அவர்கள் காலடியில் சிலேட்டு; அதில் ஆபீஸ் பெயரும் 'ஆயுத பூஜை 1970' என்ற எழுத்தும் பளிச்சென்று தெரிந்தன.

கல்யாணசுந்தரியைப் பெற்ற சங்கரம்மாள் மட்டும் எழுந்து மேடைக்கு வந்தாள். கண்ணாடி மேல் கை வைத்து மகளின் முகத்தைத் தடவினாள். பிறகு திரும்பி அண்ணாச்சியைப் பார்த்தாள்.

"இது என்ன படம்?" என்றார் அவர். குரல் இப்போது தழுதழுக்கவில்லை, வறண்டிருந்தது.

"நீங்க பாத்ததே இல்லன்னு சொன்ன பிள்ளையளுக்கு நடுவுல நீங்க உக்காந்திருக்க படம் அண்ணாச்சி," என்றாள் வெயிலம்மாள். அவளுக்கு அந்த நிமிஷம் தேனாக இனித்தது. தாயைப் பறிகொடுத்தவள் என்று பார்த்தவர்கள் சொல்லமாட்டார்கள்.

அவர் மேடையை விட்டு இறங்கப் பார்த்தார். படியில் ஜனம் நின்றது, ஒருவரும் விலகவில்லை. திறந்து வைத்தவர் முதல் பூவைப் போடாமல் மற்றவர்கள் போடுகிற வழக்கமில்லை, அவர் போடாமல் போகிற வழக்கமும் இல்லை. தட்டிலிருந்து ஒரு பிடி அள்ளிப் படத்தின் கீழே எறிந்துவிட்டுத் திரும்பினார்.

"ஒரு பிடி பத்தாது அண்ணாச்சி," என்றாள் வெயிலம்மாள். "அம்மாவோட சேத்து ஏழு பேரு இருக்காவ."

அவர் அசையாமல் நின்றார். அப்போது ஓரத்தில் நின்ற உக்கிரபாண்டி வந்து, பூத்தட்டை இரண்டு கையாலும் எடுத்து முதலாளிக்கு முன்னால் நீட்டினான். வாயைத் திறக்கவில்லை.